இருட்டில் தெரியாத கேம் போய்: பழைய திரைக்கு வெளிச்சம் கொடுப்பதும் அதில் நடக்கிற பிழைகளும்

சென்ற மாதம் வியாழக்கிழமை இரவு நான் நிகழ்த்திய பேச்சை எழுத்தில் தரும்படி சில நேயர்கள் தொலைபேசியில் கேட்டிருந்தார்கள். வானொலியில் எனக்குக் கிடைத்தது இருபது நிமிடம் மட்டுமே. நேரம் போதாமல் விட்டுவிட்ட சில விடயங்களையும் இங்கே சேர்த்துத் தருகிறேன்.

இந்தப் பேச்சுக்குக் காரணம் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. எனக்குத் தெரிந்த ஒரு தங்கை தன்னுடைய அம்மாவின் வீடு மாற்றும்போது அலுமாரிக்குள் இருந்து அதை எடுத்து வந்தார். நின்ரெண்டோ நிறுவனத்தின் முதலாவது கேம் போய். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அவர்கள் கைமில் ஒரே அறையில் இருந்த காலத்தில், அவருடைய அப்பா பழைய பொருட்கள் விற்கும் சந்தையில் வாங்கியது. பிள்ளைகளுக்கு என்றுதான் வாங்கினாராம். ஆனால் பிள்ளைகள் நித்திரையான பிறகு, றெஸ்ரோறண்டில் கோப்பை கழுவிவிட்டு வந்த அப்பாவும், அவர் வருமட்டும் விழித்திருந்த அம்மாவும் மாறி மாறி டெற்றிஸ் விளையாடுவார்களாம். அப்பா இப்போது இல்லை. அம்மாவுக்கு எழுபது கடந்துவிட்டது, கண்ணும் மங்கல். அந்தக் 'கட்டை அடுக்கிற விளையாட்டு' மறுபடியும் வேண்டும் என்கிறார். கைத்தொலைபேசியில் அதே விளையாட்டைப் போட்டுக் கொடுத்தார்கள், வேண்டாம் என்றுவிட்டார். "அண்ணை, பெட்டி வேலை செய்யுது. ஆனா அம்மாவுக்கு ஒண்டும் தெரியேல்லை. உள்ளுக்கை லைற் போட ஏலுமோ?" என்று கேட்டார் தங்கை.

ஏலும். ஆனால் ஏலும் என்பதற்கும் செய்யலாம் என்பதற்கும் இடையில் உடைந்த கண்ணாடிகள் நிறையக் கிடக்கின்றன. அதில் ஒன்று நான் உடைத்தது.

வெளிச்சம் ஏன் இல்லாமல் போனது

கேம் போய் 1989ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் யப்பானில் வெளிவந்தது. ஐரோப்பாவுக்கு 1990 செப்ரெம்பரில்தான் வந்து சேர்ந்தது. திரையில் குறுக்கே 160, நெடுக்கே 144 புள்ளிகள். நிறம் கிடையாது, பச்சை கலந்த நான்கு சாயல்கள் மட்டும். அதே காலத்தில் அற்றாரி நிறுவனத்தின் லிங்ஸ் 1989இலும், சேகா நிறுவனத்தின் கேம் கியர் 1990இலும் நிறத்திரையோடும் பின்வெளிச்சத்தோடும் வந்துவிட்டன. ஆகவே வெளிச்சம் போடத் தெரியாமல் விட்டார்கள் என்று எண்ண வேண்டாம். கேம் போயை உருவாக்கிய குழுவை வழிநடத்திய குன்பெய் யோகோய் என்பவருக்கு ஒரு கொள்கை இருந்தது. புதிய, விலை கூடிய தொழில்நுட்பத்தின் பின்னால் ஓடாமல், நன்றாகப் பழகி மலிவாகிவிட்ட ஒன்றை எடுத்துப் புதுவிதமாகப் பயன்படுத்த வேண்டும் என்பது அது.

கேம் கியருக்கு ஆறு ஏ.ஏ. பற்றரிகள் போட்டால் மூன்று முதல் ஐந்து மணித்தியாலம் ஓடும். அதனுள் வெளிச்சம் தந்தது ஒரு சிறிய புளோறசன்ற் குழாய். கேம் போய் நான்கு பற்றரியில் பதினைந்து மணித்தியாலத்துக்கு மேல் ஓடியது. சமூக உதவிப் பணத்தில் குடும்பம் நடத்திய வீட்டில் எது நின்று பிடித்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் வீட்டில் ரிவி றிமோற்றின் பற்றரியைக் கழற்றிக் கேம் போயில் போட்டதற்காக நடந்த சண்டைகள் தனிக்கதை.

அதற்குப் பிள்ளைகள் கொடுத்த விலை இருட்டு. இங்கே டிசம்பரில் பின்னேரம் நாலு மணிக்கே பொழுது பட்டுவிடும். பஸ்ஸில் போகும்போது தெருவிளக்கு ஒவ்வொன்றாகக் கடக்க, அந்த வெளிச்சம் விழுகிற நொடியில் மட்டும் விளையாடிய பிள்ளைகள் இப்போது நாற்பது வயதுக்காரர்கள். போர்வைக்குள் ரோர்ச் லைற்றோடு படுத்தவர்களும் உண்டு. உருப்பெருக்கிக் கண்ணாடியும் சின்ன விளக்கும் சேர்ந்த மூடிகளைக் கடைகளில் விற்றார்கள். பிறகு கேம் போய் கலர் வந்தபோது, பக்கத்துத் துளையில் செருகும், புழுப் போல வளைகிற விளக்குகள் வந்தன. நின்ரெண்டோ நிறுவனமே 1998இல் கேம் போய் லைற் என்று உள்ளேயே வெளிச்சமுள்ள ஒன்றை வெளியிட்டது. அது யப்பானில் மட்டும்தான் விற்கப்பட்டது.

திரைக்குள் என்ன இருக்கிறது

வேலையில் நடக்கிற பிழைகள் எல்லாம் இதை விளங்கிக் கொள்ளாததால் வருபவை. ஆகவே இதற்குக் கொஞ்ச நேரம் எடுத்துக் கொள்கிறேன்.

கேம் போய் திரை, பழைய கல்குலேற்றர் திரையின் பெரிய தம்பி. மெல்லிய இரண்டு கண்ணாடித் தகடுகள். அவற்றுக்கு நடுவே மயிரிழை அளவு இடைவெளியில் திரவப் பளிங்கு. முன்பக்கக் கண்ணாடியில் ஒரு முனைவாக்கித் தாள் ஒட்டியிருக்கும், பின்பக்கத்திலும் ஒன்று. முனைவாக்கி என்பது ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுகிற தாள். ஒரு சீப்பின் பற்களுக்கு இடையே ஒரு மட்டையைச் செருகுவதாக நினைத்துக் கொள்ளுங்கள். பற்கள் நிற்கிற வாட்டத்தில் பிடித்தால்தான் மட்டை போகும். வெயிலுக்குப் போடும் கறுப்புக் கண்ணாடிகளில் சிலவற்றில் இந்தத் தாள் உண்டு. அப்படி ஒன்றை அணிந்துகொண்டு கல்குலேற்றரை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள், ஒரு கோணத்தில் திரை முழுவதும் கறுத்துப் போகும். பிள்ளைகளுக்குக் காட்ட நல்ல விளையாட்டு.

முன்தாளைக் கடந்து வந்த ஒளியைத் திரவப் பளிங்கு முறுக்கித் திருப்பிவிடுகிறது. அப்படித் திரும்பியதால் அது பின்தாளையும் கடக்கிறது. ஒரு புள்ளியில் மின்னழுத்தம் கொடுத்தால் அங்கே முறுக்கு மாறும். ஒளி பின்தாளில் தடைப்படும். அந்தப் புள்ளி கறுப்பாகத் தெரியும். பின்தாளுக்கும் பின்னால் வெள்ளி நிறத்தில் ஒரு தெறிப்புத் தாள் ஒட்டியிருக்கிறது. அறை விளக்கின் ஒளி உள்ளே போய், அதில் பட்டுத் தெறித்து, வந்த வழியே திரும்புகிறது. கேம் போயின் விளக்கு உங்கள் அறை விளக்குத்தான்.

ஆகவே வெளிச்சம் போடுவது என்றால், அந்த வெள்ளித் தாளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒளிரும் தகடு ஒன்றை வைப்பது. சொல்ல ஒரு வரி. ஆனால் வெள்ளித் தாளும் பின்பக்க முனைவாக்கியும் ஒன்றோடொன்று இறுகி, கண்ணாடியிலும் ஒட்டியிருப்பவை. வெள்ளியை உரித்தால் முனைவாக்கியும் கூடவே வரும். அப்போது புதிய முனைவாக்கித் தாளொன்று தேவை. இதைத் தெரியாமல் உரித்துவிட்டு, விளக்குப் போட்டும் திரையில் ஒன்றுமே தெரியவில்லையே என்று தலையில் கைவைத்தவர்கள் பலர். திரை பழுதாகவில்லை. ஒரு தாள் குறைகிறது, அவ்வளவுதான்.

இன்னொன்று. இந்த முறை முதலாவது கேம் போய்க்கும் 1996இல் வந்த சிறிய பொக்கெற் வகைக்கும் மட்டுமே பொருந்தும். 1998இன் கேம் போய் கலரிலும் 2001இன் அட்வான்ஸிலும் தெறிப்புப் படை கண்ணாடிக்குள்ளேயே அமைந்திருக்கிறது. அங்கே உரிக்க எதுவும் இல்லை. உரிக்கப் போனால் திரைதான் போகும்.

திறப்பதும் உரிப்பதும்

பெட்டியின் பின்பக்கம் உள்ள ஸ்குறூக்கள் மூன்று கால் உள்ளவை. சாதாரண ஸ்குறூ ட்றைவரால் நெம்பினால் தலை வழுக்கி, பிறகு யாராலும் கழற்ற முடியாது. மூன்று கால் ட்றைவர் மலிவானது, வாங்கி விடுங்கள். பற்றரி வைக்கும் இடத்திலும் ஸ்குறூ உண்டு. அதை மறந்துவிட்டுப் பெட்டியை இழுத்துப் பிளந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

பெட்டி இரண்டாகப் பிரிந்தாலும் முன்பாதியும் பின்பாதியும் ஒரு நாடா வயரால் இணைந்திருக்கும். புத்தகம் திறப்பது போல மெல்லத் திறந்து, அந்த நாடாவை அதன் செருகியிலிருந்து நேராக இழுத்து எடுக்க வேண்டும். பற்றரி வைக்கும் இடத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் அதை முதலில் கவனியுங்கள். அது கசிந்த பற்றரியின் காரம். கையுறை போட்டுக்கொண்டு, பஞ்சுக்குச்சியில் வினாகிரி அல்லது தேசிக்காய்ச் சாறு தொட்டுத் துடைத்தால் காரம் முறியும். பிறகு மதுசாரத்தால் துடைத்துக் காயவிட வேண்டும்.

முன்பாதியில் உள்ள பலகையில்தான் திரை இருக்கிறது. கண்ணாடியின் கீழ் விளிம்பிலும் ஒரு பக்க விளிம்பிலும் மெல்லிய மண்ணிற நாடாக்கள் ஒட்டியிருப்பதைக் காண்பீர்கள். திரையின் உயிர் அவைதான். நூற்றுக்கணக்கான இழைகள், ஒவ்வொன்றும் ஒரு வரிசைப் புள்ளிக்கு மின்சாரம் கொண்டு போகிறது. கண்ணாடியைப் பலகையிலிருந்து தூக்கும்போது அந்த நாடாக்கள் கூர்மையாக மடியக் கூடாது. கொஞ்சம் வளையலாம், அவ்வளவுதான்.

இனித்தான் ஆபத்தான கட்டம். கண்ணாடியின் பின்பக்கத்தில், நாடா இல்லாத ஒரு மூலையைத் தெரிவுசெய்து, மெல்லிய சவர பிளேட்டைக் கிட்டத்தட்டப் படுக்கையாக வைத்துத் தாளின் விளிம்பைக் கிளப்ப வேண்டும். ஒரு மூலை பிடிபட்டதும் பிளேட்டை வைத்துவிடுங்கள். விரலாலோ சாமணத்தாலோ பிடித்து, மேலே தூக்காமல், தாள் தன்மேலேயே மடிந்து பின்னோக்கி வரும்படி மிக மெதுவாக இழுக்க வேண்டும். பத்து நிமிடம் எடுக்கட்டும். மற்றக் கையால் கண்ணாடியை மேசையோடு தட்டையாகப் பிடித்திருக்க வேண்டும்.

நான் மேலே தூக்கினேன். என் மகனின் பொக்கெற் அது. மூலை பிடிபட்ட மகிழ்ச்சியில் பிளாஸ்ரர் உரிப்பது போல இழுத்தேன். 'டிக்' என்று ஒரு சத்தம், அரிசியில் கல் கடிபட்டது போல. கண்ணாடியின் மூலையில் நகத்தளவு துண்டு போய்விட்டது. இரண்டு தகடுகளுக்கும் நடுவில் உள்ள திரவம் அந்த வழியால் வெளியேற, மூலையில் மை சிந்தியது போல ஒரு கறுப்பு உண்டாகி, இரண்டு நாளில் பாதித் திரைக்குப் பரவிவிட்டது. இதற்கு மருந்து கிடையாது. மகன் வளர்ந்த ஆள், "பரவாயில்லை அப்பா" என்றான். பரவாயில்லை என்று அவன் சொன்ன விதம் எனக்குத் தெரியும்.

ஆகவே முதன்முறை செய்பவர்கள், உடைந்தாலும் கவலையில்லாத ஒன்றில் பழகுங்கள். ஒலி வராதது, பெட்டி வெடித்தது, இப்படிப் பழுதானவை பழைய பொருட்சந்தைகளில் கிடைக்கின்றன. நான் அதன்பிறகு வாங்கிய இரண்டில் ஒன்று சரிவந்தது.

பசை, தூசி, தாளின் திசை

தாள் வந்த பிறகு கண்ணாடியில் பசை நிற்கும். சில பெட்டிகளில் மெல்லிய படையாக, சிலவற்றில் புளுக்கொடியல் மாவைக் குழைத்து அப்பியது போல. ஐசோபுறொப்பைல் மதுசாரத்தை, தொண்ணூறு வீதத்துக்கு மேற்பட்ட செறிவில், பஞ்சில் நனைத்து அதன் மேலே சில நிமிடம் வைத்து ஊறவிடுங்கள். பிறகு பழைய பிளாஸ்ரிக் அட்டை ஒன்றின் விளிம்பால் தள்ளுங்கள். மறுபடி ஊறவிடுங்கள். அவசரப்பட்டுப் பிளேட்டால் சுரண்டக் கூடாது. மதுசாரத்தைக் கண்ணாடியில் ஊற்றவும் கூடாது. விளிம்பால் வழிந்து நாடா ஒட்டியுள்ள இடத்துக்கும் முன்பக்கத் தாளுக்கும் போய்விடும். நகப்பூச்சு அழிக்கும் அசற்றோனைக் கிட்டவும் கொண்டு வராதீர்கள், பிளாஸ்ரிக்கை அது தின்றுவிடும். மதுசாரம் எளிதில் தீப்பற்றும் என்பதால் யன்னலைத் திறந்து வைத்து, அடுப்பு எரியாத அறையில் செய்யுங்கள்.

அடுத்த எதிரி தூசி. அறை வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு நார், பின்னால் விளக்கு எரிந்தால் வானத்து நட்சத்திரம் போல நிற்கும். பெட்டியைப் பூட்டி முடித்த பிறகுதான் அது கண்ணில் படும் என்பது எழுதப்படாத சட்டம். குளியலறையில் சுடுதண்ணீரைச் சில நிமிடம் ஓடவிட்டு, ஆவி அடங்கிய பிறகு அங்கே வைத்துப் பொருத்தினால் நல்லது. ஈரக் காற்றில் தூசி கீழே படிந்துவிடும். எங்கள் வீட்டுக்காரி இதை இன்னும் மன்னிக்கவில்லை. மிஞ்சிய தூசியை ஒட்டுநாடாத் துண்டால் தொட்டு எடுக்கலாம். கண்ணாடியில் விரல் படக்கூடாது, விளிம்பில் மட்டும் பிடியுங்கள்.

புதிய முனைவாக்கித் தாளை வைக்கும் முன் அதன் இரண்டு பக்கமும் உள்ள பாதுகாப்புப் படலத்தை உரிக்க வேண்டும். ஒரு பக்கத்தை உரித்துவிட்டு மறுபக்கத்தை மறப்பது மிகச் சாதாரணமாக நடப்பது. பிறகு, எதையும் ஒட்டுவதற்கு முன்னால் பெட்டியின் இரண்டு பாதியையும் நாடாவால் இணைத்து, பற்றரி போட்டு, திரை ஓடும்போதே தாளை வைத்துத் திருப்பிப் பாருங்கள். தொண்ணூறு பாகை மாறினால் கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் தெரியும், புகைப்பட நெகற்றிவ் போல. சில தாள்களில் முனைவு விளிம்புக்கு 45 பாகை சாய்வாக இருக்கும். அவற்றைத் திருப்பாமல், முன்பக்கத்தைப் பின்பக்கமாகப் புரட்டினாலே திசை மாறிவிடும். தாள் பிழையானது என்று திருப்பி அனுப்பமுன் இதைச் செய்து பாருங்கள்.

இந்த நெகற்றிவ் தோற்றத்தை வேண்டுமென்றே பயன்படுத்துகிற ஒரு முறையும் உண்டு. பின்வெளிச்சம் போட்டால் படம் சற்று வெளிறித் தெரியும். காரணம் எளிது. முன்பு ஒளி திரைக்குள் போகும்போது ஒருமுறை, தெறித்து வரும்போது இன்னொருமுறை என இரண்டு தடவை வடிகட்டப்பட்டது. இப்போது ஒருமுறை மட்டுமே. ஆகவே கறுப்பு அவ்வளவு கறுப்பாக வராது. தாளைத் தொண்ணூறு பாகை திருப்பி வைத்து, திரைக்குப் போகும் இரண்டு தரவு வயர்களின் சமிக்ஞையையும் தலைகீழாக்கும் சிறிய சிப் ஒன்றைச் சேர்த்தால், படம் பழையபடி நேராகவும் முன்னைவிட ஆழமாகவும் தெரியும். மலிவான சிப்தான். ஆனால் ஈயம் பிடிக்கக் கை பழகியவர்களுக்கு மட்டும்.

விளக்கும் வயரும்

ஒளித்தகடு என்பது மெல்லிய தெளிந்த பிளாஸ்ரிக்; அதன் ஓரத்தில் ஒன்றிரண்டு எல்.ஈ.டி. இருக்கும். ஓரத்தால் நுழைகிற ஒளியைத் தகடு முகம் முழுவதும் பரப்பிவிடும். கண்ணாடிக்கும் பலகைக்கும் நடுவே அதைச் செருகி, சிவப்புக் கறுப்பு இரண்டு வயரையும் முன்பலகையில் 5 வோல்ற் கிடைக்கும் இடத்தில், வழக்கமாக ஒரு கொள்ளளவியின் கால்களில், பற்றவைப்பார்கள்.

வெள்ளை எல்.ஈ.டி.க்குத் தேவை ஏறத்தாழ 3.2 வோல்ற். மிஞ்சுகிற 1.8 வோல்ற்றை ஒரு தடையி தாங்க வேண்டும். 20 மில்லியம்பியர் ஓட வேண்டுமானால் 1.8ஐ 0.02ஆல் வகுக்க 90 ஓம் வரும். கடையில் கிடைக்கும் 100 ஓம் சரி. தடையி இல்லாமல் நேராகக் கொடுத்தால் விளக்கு ஒரு கணம் மின்னலாக எரிந்து செத்துப்போகும். வாங்கும் தகட்டில் தடையி ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்துக் கொள்ளுங்கள். வயரை மாற்றிக் கொடுத்தால் விளக்கு எரியாது, மாற்றினால் எரியும். அநேகமாக வேறு சேதம் வராது. வெளிச்சம் கூடியதால் படம் வெளிறினால் இன்னும் பெரிய தடையி போடுங்கள். கூடுதல் வெளிச்சம் நல்ல வெளிச்சம் என்று எண்ணுவது இந்த வேலையில் எல்லோரும் செய்யும் பிழை.

பூட்டும்போது பெட்டி இறுக்கமாக இருந்தால் ஸ்குறூவை முறுக்கி இறுக்க வேண்டாம். எங்கோ வயர் அகப்பட்டிருக்கிறது. திறந்து பாருங்கள்.

பூட்டிய பிறகு திரையில் நெடுக்குக் கோடுகள் காணாமல் போயிருக்கலாம். வெளிச்சம் போடாத பழைய பெட்டிகளிலும் இது வரும். கீழ் விளிம்பு நாடா கண்ணாடியில் ஒட்டிய இடம் காலப்போக்கில் விட்டுப்போவதுதான் காரணம். சோல்டரிங் அயனைக் குறைந்த சூட்டில் வைத்து, நாடாவின் அந்த விளிம்பின் மேல் மெதுவாக இழுத்தால் பசை இளகி மறுபடி ஒட்டும். ஒரே இடத்தில் நிறுத்தினால் நாடா கருகும். குறுக்குக் கோடுகள் போனால் அது பக்க நாடா. அங்கே இந்த வைத்தியம் அவ்வளவாகப் பலிப்பதில்லை.

பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு ஒரு வார்த்தை. அந்தக் காலத்துப் பற்றவைப்பில் ஈயம் உண்டு. சாப்பாட்டு மேசையில் செய்யாதீர்கள், வேலை முடிந்ததும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

அட்வான்ஸின் கதை

2001இல் வந்த கேம் போய் அட்வான்ஸின் திரை நல்ல நிறம், ஆனால் பகலிலும் இருட்டு. வாங்கியவர்கள் யன்னலோரம் தேடி அலைந்தார்கள். 2002இல் ஓர் அமெரிக்க நிறுவனம் ஆஃப்ரர்பேர்ணர் என்ற பெயரில் ஒரு பொதி விற்றது. பின்னால் வைக்க முடியாததால் திரையின் முன்னால் ஒரு தெளிந்த தகட்டை வைத்து, அதன் ஓரத்திலிருந்து ஒளியை உள்ளே செலுத்துவது அதன் வழி. பெட்டியின் உட்புறப் பிளாஸ்ரிக்கை வெட்டிச் செதுக்க வேண்டும். பிரதிபலிப்பைக் குறைக்கும் ஒரு படலத்தைக் குமிழி வராமல் ஒட்ட வேண்டும். அந்தக் குமிழியால் எத்தனை பேர் இரவு நித்திரை இழந்தார்களோ தெரியாது. 2003இல் நின்ரெண்டோ முன்வெளிச்சத்தோடு அட்வான்ஸ் எஸ்.பி.யை வெளியிட்டது. 2005இல் அதன் பின்வெளிச்சத் திரை வந்தது. பிறகு அந்தத் திரையைக் கழற்றிப் பழைய அட்வான்ஸில் போடுகிற வழக்கம் உண்டானது.

இப்போது உரிக்கிற வேலையே குறைந்துவிட்டது. கைத்தொலைபேசியில் உள்ளது போன்ற புதிய ஒளித்திரைகளைக் கேம் போய்க்கென்று அளவாகச் செய்து விற்கிறார்கள். பழைய திரையை முழுதாக எடுத்துவிட்டு இதைப் பொருத்துவது. படம் மிகத் தெளிவு. பற்றரி முன்புபோல நிற்காது. சில வகைக்குப் பெட்டியை வெட்ட வேண்டும், சில வகைக்கு வேண்டாம். வாங்கமுன் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

தொலைபேசியில் பலர் கேட்ட கேள்வி ஒன்று: திரையில் கைவைத்தால் பிள்ளைகள் சேமித்து வைத்த விளையாட்டு அழிந்துவிடுமா? அழியாது. அது கேம் போயில் இல்லை, கசெற்றுக்குள் இருக்கிறது. போக்கிமொன் போன்ற கசெற்றுகளில் ஒரு சிறிய பொத்தான் பற்றரி அந்த நினைவை உயிரோடு வைத்திருக்கிறது. உண்மையான ஆபத்து அங்கேதான். பற்றரி செத்தால் பிள்ளை வைத்த பெயரும் அவன் வளர்த்த பிராணிகளும் போய்விடும். நன்மை செய்வதாக எண்ணி அந்தப் பற்றரியைக் கழற்றினாலும் அதே கதிதான். கசெற்றை வாசித்துக் கணினியில் பிரதி எடுக்கும் கருவிகள் விற்கிறார்கள். முதலில் பிரதி, பிறகு பற்றரி மாற்றம், அதன்பின் பிரதியைத் திரும்ப ஏற்றுவது. இந்த ஒழுங்கு மாறக் கூடாது.

அந்தத் தங்கையின் பெட்டிக்கு வருகிறேன். பின்பக்கத்தில், பற்றரி மூடிக்கு மேலே, அவருடைய அப்பா ஊசியால் தன் பெயரின் முதலெழுத்தைக் கீறி வைத்திருந்தார். கைமில் பொருட்கள் மாறிப்போகும் என்பதற்காக. அந்தக் கண்ணாடியில் பிளேட்டை வைக்க எனக்கு மனம் வரவில்லை. தாளை உரித்தால் திரும்ப ஒட்ட முடியாது. கண்ணாடி போனால் அதே கண்ணாடி கிடையாது. முன்பலகையோடு சேர்ந்தே வருகிற, பெட்டியை வெட்டத் தேவையில்லாத புதிய திரை ஒன்றை வாங்கச் சொன்னேன். பழைய முன்பலகையைக் கண்ணாடியோடு அப்படியே எடுத்து, ரிசு பேப்பரில் சுற்றி, ஒரு பிஸ்கற் பெட்டியில் போட்டுக் கொடுத்தேன். எப்போது விரும்பினாலும் திரும்பப் பொருத்தலாம். ஒரு பின்னேர வேலை. ஒரு தூசி மட்டும் இடதுபக்கம் கீழே நிற்கிறது, அதை நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது.

முதல்நாள் அம்மாவுக்குப் பிடிக்கவில்லையாம். "நிறம் இதில்லை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். புதிய திரையில் நிறத்தை மாற்றும் வசதி உண்டு. தங்கை தொலைபேசியில் கேட்க, நான் சொல்லச் சொல்ல அழுத்தி, பழைய பச்சைக்குக் கொண்டு வந்தார். இப்போது இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு விளையாடுகிறாராம். டெற்றிஸ் கசெற்றில் சேமிக்கும் பற்றரி கிடையாது, அணைத்தால் எடுத்த புள்ளிகள் போய்விடும். அதனால் சமையலறை நாட்காட்டியில் அந்தந்தத் திகதிக்குக் கீழே எழுதி வைக்கிறாராம். முன்பும் அப்பாவும் அம்மாவும் அப்படித்தான் செய்வார்களாம், ஆளுக்கொரு நிறப் பேனையால்.